கல்லூரி மாணவிக்குத் தடுப்பூசி, அவள் அம்மாவுக்குப் பரிசோதனை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசுவோம்

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

கோவைக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு முகாமுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளலாமா என்று மாணவிகளிடம் கேட்டேன். நோயின் பெயரைக் கேள்விப்படாதவர் யாருமில்லை. எதனால் வருகிறது என்று கேட்டதும் வந்த பதில்கள்: பரம்பரை, சுத்தக்குறைவு, நாப்கினை நேரத்துக்கு மாற்றாதது, உடம்புச் சூடு. வைரஸ் என்று சொன்னவர்கள் நுண்ணுயிரியல் படிக்கும் சில மாணவிகள் மட்டும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்பது அவர்களிலும் பலருக்குப் புதுச் செய்தி.

2022ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். நம் நாட்டுப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக இருப்பது இதுதான். புற்றுநோய்களிலேயே காரணம் தெளிவாகத் தெரிந்த, முன்கூட்டியே தடுக்கவும் கண்டுபிடிக்கவும் வழியுள்ள நோயும் இதுதான். ஹெச்.பி.வி. என்கிற வைரஸுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும் இத்தனை பெண்கள் சாகிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் எண்ணம் இது. பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் மாணவிக்கு இன்று வேண்டியது தடுப்பூசி. பரிசோதனை வேண்டியது அவளுடைய அம்மாவுக்கு. ஒரு கல்லூரியில் இரண்டாயிரம் மாணவிகள் இருந்தால் அவர்களுக்குப் பின்னால் இரண்டாயிரம் அம்மாக்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதில், ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளாமல் இருக்கிறார்கள். மாணவிகளைக் கொண்டே அம்மாக்களை அழைத்துவர முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெருந்துறைப் பெண்

வணக்கம் மேடம். நான் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியிலும் போன வருடம் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள். பெரிய அரங்கம், மேடையில் முதல்வர், ஆண் பேராசிரியர்கள், நிர்வாகத்தினர். மருத்துவர் நன்றாகத்தான் பேசினார். கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை. எப்படி எழும்? வெளியே வந்ததும் மரத்தடியில் அத்தனை கேள்விகளும் வந்தன. கல்யாணம் ஆகாதவர்களுக்கு இது வருமா, ஊசி போட்டால் பிற்பாடு குழந்தை பிறக்காதா, வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று. பதில் சொல்லத்தான் அங்கே யாருமில்லை.

என் அம்மா விசைத்தறியில் தார் (நெசவுக்கான நூல் கண்டு) சுற்றுகிறார். வயது 42. வெள்ளைப்படுதல் இருக்கிறது, இடுப்பு வலி இருக்கிறது. "வேலை செய்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மஞ்சள் மாநகர் மருத்துவர்

ஈரோட்டில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். முதலில் பெருந்துறைத் தங்கைக்கு. வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால் வருபவை. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளியும் போட வேண்டாம். நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது செய்வதுதான் பரிசோதனை. தொந்தரவு இருந்தால் அது சிகிச்சைக்கான வருகை. இந்த வித்தியாசம் படித்தவர்களுக்கே தெரிவதில்லை.

நோய் வரும் விதத்தைச் சொல்கிறேன். ஹெச்.பி.வி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதம் 16, 18 என்ற இரண்டே வகைகளால் வருகிறது. இது உடலுறவு வழியாகத் தொற்றும். தாம்பத்திய வாழ்க்கை தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் என்றாவது ஒருமுறை தொற்றியே இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சமுள்ள சிலருக்கு வைரஸ் தங்கிவிட்டால், கர்ப்பப்பை வாயிலுள்ள செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அந்த இருபது ஆண்டுகள் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டாலே மாறிய இடத்தைப் புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

என்னிடம் வரும் பெண்களில் பலர் அந்த இருபது ஆண்டையும் கடந்த பிறகே வருகிறார்கள். ரத்தப்போக்கு தாங்க முடியாமல், கால் வீங்கி, சிறுநீரகம் பாதித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது, பத்து வருடம் முன்பு யாராவது இவர்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொள்ளும்.

அவிநாசி வாசகி

நொய்யல்கரை சொல்வதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. மாணவிகளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று ஏன் முடிவெடுக்க வேண்டும்? என் மகள் படிக்கும் இடத்தில் ஒரு தனியார் ஆய்வகம் எல்லா மாணவிகளுக்கும் சலுகை விலையில் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வருமுன் காப்பது நல்லதுதானே?

மஞ்சள் மாநகர் மருத்துவர்

அவிநாசி அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இருபது வயதில் வைரஸ் தொற்றியிருந்தாலும் அது தானே போய்விடும் வாய்ப்புதான் மிக அதிகம். அந்த நேரத்தில் பரிசோதித்தால் தற்காலிக மாற்றங்கள் தெரியும். அறிக்கையில் "அசாதாரணம்" என்று ஒரு சொல் இருந்தால் போதும், அந்தப் பெண்ணும் குடும்பமும் நிலைகுலைந்து போவார்கள். அடுத்து மேல்பரிசோதனை, தேவையில்லாத சிகிச்சை. கர்ப்பப்பை வாயில் கொஞ்சம் வெட்டி எடுக்கும் சிகிச்சை பிற்காலத்தில் குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடியது. நம் நாட்டு வழிகாட்டுதலில் பரிசோதனை 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. பிரிட்டனில் 25 வயதில்தான் தொடங்குகிறார்கள். ஹெச்.ஐ.வி. தொற்று உள்ள பெண்களுக்கு மட்டும் 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாம்பத்திய உறவே இல்லாத ஒரு மாணவிக்கு பாப் ஸ்மியர் எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை, உடல் நோவும் மன நோவும்தான் மிச்சம். அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்குக் கொடுங்கள்.

காங்கேயத்துத் தகப்பன்

இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் என்ற முறையில் எழுதுகிறேன். தடுப்பூசி தடுப்பூசி என்கிறீர்கள். ஆந்திராவில் இதே ஊசியைப் போட்டுப் பெண் குழந்தைகள் இறந்தார்கள் என்று செய்தி வந்ததே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? இன்னொன்றும் கேட்கிறேன். உறவு வழியாகத் தொற்றும் நோய்க்குக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு ஊசி? நாளைக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? நாங்கள் ஊரில் வாழ வேண்டும். கோபமாகக் கேட்கவில்லை, விளக்கம் வேண்டும்.

சண்முகநதி

நான் ஓய்வுபெற்ற செவிலியர். தாராபுரம், பழநி வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள். காங்கேயத்து அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடும் ஒரு செயல்விளக்கத் திட்டம் நடந்தது. அதில் ஊசி பெற்றவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரணைக் குழு ஒவ்வொரு மரணத்தையும் பார்த்தது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது, காய்ச்சல் என்று காரணங்கள் இருந்தன, ஊசியோடு தொடர்பு காணப்படவில்லை. ஆனால் அந்தக் குழு இன்னொன்றைக் கண்டது. விடுதிகளில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது பெரிய தவறு, நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதைக் கண்டித்தது. ஏழைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் பிள்ளைக்கு ஊசி போட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்தின் விலையாக இந்தியாவில் இந்தத் தடுப்பூசி பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கிப் போனது.

இன்னொரு பக்கத்தையும் கேளுங்கள். அதே சமயத்தில் நாட்டின் பல இடங்களில் இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் ஓர் இடம் நம் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை. 2010இல் அந்தத் திட்டத்தோடு இந்த ஆய்வின் ஊசியும் நிறுத்தப்பட்டதால் பல சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு தவணை மட்டும் பெற்றவர்களுக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து ஏறத்தாழ 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் சிறுமிகளுக்கு ஒரு தவணையே போதும் என்று சொன்னதற்கு இந்த ஆய்வும் ஓர் ஆதாரம். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் உலகத்துக்குக் கொடுத்த அறிவு அது. நம் பிள்ளைகளுக்கே அது தெரியாமல் இருப்பது எனக்கு ஆறவில்லை.

அம்பிளிக்கை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2000இல் அங்கே இன்னொரு ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களே வினிகர் பரிசோதனை (கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தை ஒற்றிப் பார்ப்பது) செய்தார்கள். முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து செய்துகொண்டார்கள். ஏழு ஆண்டுகளில் பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. பெரிய இயந்திரம் கிடையாது, பெரிய மருத்துவர் கிடையாது. காட்டு வேலைக்கும் காய்கறிச் சந்தைக்கும் போகும் பெண்கள்தான் வந்தார்கள்.

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டீர்கள் அண்ணா. வெள்ளம் வருமுன்தான் கரை கட்ட வேண்டும். வைரஸைச் சந்திக்கும் முன்பு போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பெண் எவ்வளவு ஒழுக்கமாக வாழ்ந்தாலும், கணவனிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்த தொற்று அவளுக்கு வரலாம். அவனுக்கே அது தெரிந்திருக்காது. ஊசிக்கும் பெண்ணின் நடத்தைக்கும் சம்பந்தமில்லை.

காங்கேயத்துத் தகப்பன்

சண்முகநதி அக்கா, விளக்கத்துக்கு நன்றி. கையெழுத்து விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. அது தெரிந்த பிறகு மனதில் இருந்தது பாதி தெளிந்துவிட்டது. பெரியவள் பொறியியல் முதலாமாண்டு, சின்னவள் எட்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே அளவுதானா?

மஞ்சள் மாநகர் மருத்துவர்

இல்லை ஐயா. புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் என்ற ஹெச்.பி.வி. தடுப்பூசி 2023 தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அதன் மருந்துக் குறிப்பின்படி 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. 15 முதல் 26 வயது வரை மூன்று தவணை. முதல் ஊசிக்கு இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. உலக சுகாதார நிறுவனம் இன்னும் எளிதாக்கி, இருபது வயது வரை ஒன்று அல்லது இரண்டு, 21க்கு மேல் இரண்டு என்கிறது. உங்கள் பெண்ணைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போடுவதாக அறிவித்தது, சின்னவளுக்குப் பள்ளியில் விசாரியுங்கள்.

மேல் கையில்தான் போடுவோம். போட்ட பிறகு பதினைந்து நிமிடம் உட்காரவைப்போம். இளம் பெண்களில் சிலருக்குத் தலைசுற்றும், அது பெரும்பாலும் ஊசி பயத்தால். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் போடுவதில்லை. குழந்தைப்பேற்றை இது பாதிக்காது. ஸ்காட்லாந்தில் 2008இல் தொடங்கி 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

ஊசி போட்டவர்களும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை.

விடுதித் தோழி

எனக்கு இருபது வயது. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இதைப் படித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் ஊசி பற்றி விசாரித்தேன். வரவேற்பில் இருந்தவர் எல்லோர் முன்னாலும் சத்தமாக, "கல்யாணம் ஆகிவிட்டதா? வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தவணைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். மூன்று தவணைக்கு ஆறாயிரம். எங்கள் அப்பா மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகிறார். என் விடுதிக் கட்டணமே அவருக்குப் பாரம்.

விழிப்புணர்வு இல்லை என்று எங்களைச் சொல்கிறீர்கள். விழிப்புணர்வு வந்த பிறகு நாங்கள் எங்கே போவது?

நொய்யல்கரை

விடுதித் தோழி, உன் கடைசிக் கேள்வியை அச்சடித்து எங்கள் முதல்வர் மேசையில் வைக்கலாம் போலிருக்கிறது. மாணவிகளுக்குத் தெரியவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வாக எழுதுகிறோம். பெயர் தெரியும், வைரஸ் தெரியாது, ஊசி தெரியாது என்று அட்டவணை போடுகிறோம். தெரிந்துகொண்டு வருகிறவளுக்குக் கதவைத் திறந்துவைக்க ஆளில்லை என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

உனக்கு இருபது வயது, ஒப்புதல் படிவத்தில் நீயே கையெழுத்துப் போடலாம். யாரையும் அழைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்பது ஊசி போடக் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. கர்ப்பமா, ஒவ்வாமை உண்டா, இவ்வளவுதான் கேட்க வேண்டும், அதையும் உள்ளே அழைத்து மெதுவாக.

பணத்துக்கு ஒரு யோசனை. கல்லூரிகள் பட்டமளிப்பு விழாப் பந்தலுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதி போதும். நம் பக்கத்தில் ரோட்டரி, அரிமா சங்கங்கள் இல்லாத ஊர் கிடையாது. கண்சிகிச்சை முகாம் நடத்துகிறார்கள், ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். கூலி வேலை செய்பவர்களின் மகள்களுக்கு இந்த ஊசிக்குப் பொறுப்பேற்கச் சொல்லி அவர்களிடம் போய் நிற்கப் போகிறேன்.

பொள்ளாச்சிக்காரன்

பொறியியல் மாணவன். இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன். வைரஸைக் கொண்டுவருவதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றால் எங்களுக்கு ஊசி கிடையாதா?

மஞ்சள் மாநகர் மருத்துவர்

தாராளமாக எழுதுங்கள் தம்பி. செர்வாவேக் ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். தொண்டைப் புற்றுநோய், ஆசனவாய்ப் புற்றுநோய், பாலுறுப்பு மருக்கள் ஆகியவற்றுக்கும் இதே வைரஸ் குடும்பம் காரணமாகிறது. அரசுப் பணம் குறைவாக இருக்கும்போது முதலில் சிறுமிகளுக்குப் போடுவது சரி. வசதியுள்ளவர்கள் மகனுக்கும் போடலாம்.

பனியன் நகரத்துப் பெண்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் (தைத்த துணியைச் சரிபார்க்கும்) வேலை பார்க்கிறேன். வயது 39. என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் இதை என் போனில் எடுத்துக் கொடுத்தாள்.

அம்மாக்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று யாரும் நினைக்காதீர்கள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறோம். சரக்கு அனுப்பும் கப்பல் தேதி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஆஸ்பத்திரியில் பரிசோதனை காலை நேரத்தில். அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் சம்பளம் போகும், வார போனஸும் போகும். வலி இல்லாத உடம்புக்காக யார் சம்பளத்தை விடுவார்கள்?

அது போக, காலை விரித்துப் படுக்க வேண்டும் என்றதும் கூச்சம். பிரசவத்தில் பட்டது போதும் என்று பலரும் சொல்கிறார்கள். உள்ளே என்ன செய்வார்கள் என்று ஒருவரும் விவரமாகச் சொன்னதில்லை. அதைச் சொன்னாலே பாதிப் பேர் வருவார்கள்.

சண்முகநதி

நீங்கள் கேட்டதை அப்படியே சொல்கிறேன் கண்ணு. நான் செய்த வேலை அது.

திரை போட்ட அறை. உள்ளே செவிலியரும் நீங்களும் மட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம், வயிறு இளகியிருக்கும். சேலையை அவிழ்க்க வேண்டியதில்லை, உயர்த்திக்கொண்டால் போதும், மேலே ஒரு துணி போர்த்துவோம். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெதுவாகத் திறப்போம். அந்த நொடியில் மூச்சை வாய் வழியாக விட்டால் வலி தெரியாது, இறுக்கிக்கொண்டால்தான் நோகும். விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாய் தெரியும், ஆரோக்கியமாக இருந்தால் இளஞ்சிவப்பாக, வழவழவென்று. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், வீட்டு வினிகர் போன்றதுதான், பஞ்சை நனைத்து அங்கே ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்போம். லேசாக எரியும், சிலருக்கு அதுவும் இருக்காது. செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் மட்டும் தயிர் தீற்றியது மாதிரி வெள்ளையாகத் திரளும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. முடிவை அங்கேயே சொல்லிவிடலாம். படுத்ததிலிருந்து எழுவது வரை ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அழற்சியாலும் தெரியலாம். அடுத்ததாக, பெரிதாக்கிப் பார்க்கும் கருவியுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புவோம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்தான் என்றால் உறையவைத்தோ சூட்டினாலோ அந்த இடத்தை அகற்றிவிடுவார்கள், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டு அளவில் 1.9 சதவீதம். இந்தியாவிலேயே நாம்தான் முன்னால் நிற்கிறோம். முன்னால் நிற்கும் மாநிலத்திலேயே பத்தில் ஒன்பது பெண்கள் வரவில்லை என்பதை நினைத்தால் பெருமைப்பட முடியவில்லை.

பனியன் நகரத்துப் பெண்

இவ்வளவுதானா? இதை ஒரு தாளில் எழுதி எங்கள் கேண்டீனில் ஒட்டினால் போதும் அக்கா. எங்கள் லைனில் இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டுமா?

மஞ்சள் மாநகர் மருத்துவர்

மிக முக்கியமான கேள்வி. நம் பக்கத்தில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கட்டி, அதிக ரத்தப்போக்கு போன்ற காரணங்களுக்காக வாயோடு சேர்த்து முழுமையாக எடுத்திருந்தால் பரிசோதனை தேவையில்லை. வாய்ப்பகுதியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால் தேவை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்காக எடுத்திருந்தால் தொடர்ந்து பார்க்க வேண்டும். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கும். மகள்கள் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வினிகர் பரிசோதனை அவ்வளவாகப் பொருந்தாது, பார்க்க வேண்டிய இடம் உள்ளே போய்விடும். அவர்களுக்கு பாப் ஸ்மியர் அல்லது ஹெச்.பி.வி. பரிசோதனை நல்லது. ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது கூச்சப்படுகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். அரசு மருத்துவமனைகளில் அது பரவலாக வர வேண்டும் என்று நாமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நொய்யல்கரை

எல்லோர் சொன்னதையும் வைத்து எங்கள் முகாமை மாற்றி அமைத்திருக்கிறேன்.

பெரிய அரங்கக் கூட்டம் இல்லை. வகுப்பு வகுப்பாக, பெண்கள் மட்டும், ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும். கேள்விகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், ஒவ்வொன்றும் வாசிக்கப்பட்டுப் பதில் சொல்லப்படும். ஊசி வேண்டியவர்கள் தனியாகப் பதிவு செய்யலாம், பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வராது. அம்மாக்களுக்கான பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை வைக்க வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டிருக்கிறேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தன்று அம்மாக்கள் எப்படியும் கல்லூரிக்கு வருகிறார்கள், அன்றே வைத்துவிட்டால் இன்னொரு நாள் கூலி போகாது. சண்முகநதி அக்கா எழுதிய விவரத்தை அவர் அனுமதியோடு துண்டறிக்கையாக அச்சடிக்கிறேன். பனியன் கம்பெனி கேண்டீனுக்கும் தருகிறேன்.

பரிசோதனையில் வெள்ளை தெரிந்தவர்களை மேல்பரிசோதனைக்கு அழைத்துப் போக ஒரு மாணவியைத் துணைக்கு அமர்த்துவோம். முகாமில் கண்டுபிடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால் அது முகாமே அல்ல.

சண்முகநதி

அனுமதி தனியாக வேண்டுமா கண்ணு? அச்சடித்துக்கொள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்.

விடுதித் தோழி

மேடம், வெளியூர் மாணவிகள் வரலாமா? சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

நொய்யல்கரை

வா. தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன். உன் ஊசிக்கான பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றி அப்பாவிடம் பேச வேண்டாம்.

பெருந்துறைப் பெண்

நேற்று இரவு அம்மாவிடம் இந்த இழையில் செவிலியர் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். தார் சுற்றிக்கொண்டே கேட்டார். பாதியில் நிறுத்தி, "ஒரு நிமிடம்தான் எரியுமா?" என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வரும் வாரம் மாதவிலக்கு வரும் நாள். முடிந்து எத்தனை நாள் கழித்துப் போக வேண்டும்? போவதற்கு முன்னால் செய்யக் கூடாதது ஏதாவது உண்டா?

மஞ்சள் மாநகர் மருத்துவர்

ரத்தம் முழுவதும் நின்ற பிறகு எந்த நாளும் போகலாம். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், வழக்கமாகக் குளித்தால் போதும். அம்மாவுக்கு ஏற்கெனவே வெள்ளைப்படுதல் இருப்பதால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, சீட்டுப் போடும்போதே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.